போனில் டாக்டரிடம் காட்டுவதற்கு முன்னால்

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை. ராமநாதபுரம் கடற்கரையில் காய்ச்சல் நுழையாத தெரு இல்லை. 10ஆம் தேதி முழு ஊரடங்கு வந்தது. அன்றைக்கு எங்கள் மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது, அது திறந்தது 2022 ஜனவரியில். மூச்சு வாங்குகிறது என்றால் ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி, அங்கே இடமில்லை என்றால் சிவகங்கை அல்லது மதுரை. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரமே ஏறக்குறைய 55 கிலோமீட்டர், மதுரை 170. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர்களோ காய்ச்சல் முகாம், தடுப்பூசி, பிரசவம், தொற்று வந்தவர்களைத் தரம் பிரித்து அனுப்புவது எனப் பல வேலைகளை ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் நர்ஸ். மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் எங்கள் ஊர்த் திண்ணையில் ஒரு பெஞ்சும் ஒரு போனும் வைத்துக்கொண்டு, வருகிறவர்களை டாக்டர்களோடு பேசவைத்தேன். கூட ஆள் இல்லை, இதை எப்படிச் செய்வது என்று சொல்லித்தரவும் ஆள் இல்லை. ராத்திரி படுத்தால், பகலில் பேசவைத்த ஒவ்வொருவரின் மூச்சும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். யாராவது முன்பே சொல்லியிருக்கலாமே என்று நான் ஏங்கிய விஷயங்கள்தான் இங்கே இருப்பவை.

டாக்டர் போனில் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவர் நமக்குக் கொடுக்க முடிந்தது நாலைந்து நிமிடம். ‘எத்தனை நாளாகக் காய்ச்சல்?’ என்று அவர் கேட்டால், வீட்டில் மூன்று பேர் மூன்று பதில் சொல்லி முடிப்பதற்குள் அதில் பாதி போய்விடும். நேரில் என்றால் டாக்டர் தொட்டுப் பார்ப்பார், ஸ்டெத் வைப்பார், நடந்து வருவதைப் பார்த்தே பாதி புரிந்துகொள்வார். போனில் அதெல்லாம் இல்லை. நோயாளி பக்கத்தில் இருக்கிறவர்தான் அவருக்குக் கையும் கண்ணும். அந்த ஆள் பத்து நிமிடம் முன்னேற்பாடு செய்துவிட்டால், ஒரு டாக்டரால் கூடுதலாக இன்னும் சிலரைப் பார்க்க முடியும். பெருந்தொற்று நேரத்தில் டாக்டர்களுக்கு வெளியாள் செய்யக்கூடிய உதவிகளில் இதைவிடப் பெரியதை நான் பார்க்கவில்லை.

முதலில் போன் விஷயம். வீட்டிலிருந்தே டாக்டரிடம் வீடியோவில் பேச அரசு நடத்தும் இ-சஞ்சீவனி ஓபிடி சேவை 2020 ஏப்ரலில் தொடங்கியது. மொகாலியில் உள்ள மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனம் சி-டாக் உருவாக்கியது, கட்டணம் கிடையாது. 2021இல் அதன் நடைமுறை இது: போன் நம்பரைப் போட்டால் ஓடிபி வரும், அதைப் போட்டு நோயாளியின் விவரத்தைப் பதிய வேண்டும், டோக்கன் குறுஞ்செய்தியாக வரும், வரிசை நகர்ந்து நம் முறை வந்ததும் அழைக்கும் பொத்தானை அழுத்தினால் டாக்டர் திரையில் வருவார், முடிந்ததும் மருந்துச் சீட்டை இறக்கிக்கொள்ளலாம். சொல்வதற்கு இவ்வளவுதான். கடற்கரையில் சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. பல வீடுகளில் நல்ல போன் ஒன்றே ஒன்று, அது வீட்டு ஆண்பிள்ளையின் கையில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுக்குப் போகிறவர்கள் வீட்டில் இருந்தார்கள், போனும் இருந்தது. தடை முடிந்ததும் போன் கடலுக்குப் போய்விட்டது. வீட்டில் அம்மாவுக்கு மறு ஆலோசனை, ஓடிபி போவதோ நடுக்கடலில் இருக்கும் நம்பருக்கு. எனவே எந்தப் போன் எப்போதும் வீட்டில் கிடக்குமோ அந்த நம்பரில் பதிவு செய்யுங்கள். அது பட்டன் போனாக இருந்தாலும் பரவாயில்லை. ஓடிபியை அதில் வாங்கி, பக்கத்து வீட்டு நல்ல போனில் பேசலாம்.

அடுத்தது நெட். அந்த வருடம் பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு. அன்றாட டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துபோகும், வீடியோ திறந்தால் சுற்றிக்கொண்டே நிற்கும். கூடுதல் டேட்டாவுக்கு என் கைக்காசு போனது தனிக் கணக்கு. டாக்டரிடம் பேச வேண்டிய நாளில் காலையிலேயே பேசிவிடுங்கள், அல்லது அந்தப் போனை வகுப்புக்குக் கொடுக்காதீர்கள். தனுஷ்கோடி பக்கம் போகப் போக இலங்கை டவர் வந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. செட்டிங்கில் நெட்வொர்க்கைத் தானாகத் தேடவிடாமல், உங்கள் சிம்முக்கு உரியதை நீங்களே தேர்ந்தெடுத்து வையுங்கள். கச்சான் காற்று அடிக்கிற நாளில் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் டாக்டருக்குக் காற்றின் இரைச்சல் மட்டும்தான் கேட்கும். அறைக்குள் போங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், இயர்போன் மாட்டுங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நோயாளியை உட்காரவைத்தால் திரையில் கறுப்பு உருவம்தான் தெரியும். ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டும். போனைக் கையில் பிடிக்காமல் அரிசி டப்பாவில் சாய்த்து, தலை முதல் வயிறு வரை தெரியும்படி வையுங்கள். நெஞ்சு ஏறி இறங்குவதை டாக்டர் பார்க்க வேண்டும், முகம் மட்டும் தெரிந்தால் போதாது.

விரலில் மாட்டி ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டரைப் பற்றி கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதன் எண்ணை வைத்துத்தான் ஆளை நகர்த்துவதா வேண்டாமா என்ற முடிவே எடுக்கப்படுகிறது. இரண்டாம் அலையில் அதற்குக் கிராக்கி ஏறி, வழக்கமான விலையைப் போல் மூன்று மடங்கு கொடுத்து வாங்கினேன். வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். கருவி காட்டும் நாடித்துடிப்பையும், மணிக்கட்டில் விரல் வைத்து முழு ஒரு நிமிடம் நீங்கள் எண்ணிய துடிப்பையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போகாவிட்டால் ஆக்ஸிஜன் எண்ணையும் நம்ப முடியாது. பார்ப்பதற்கு முன் நோயாளி ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். விரல் குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நகப்பூச்சை அழியுங்கள், மருதாணி ஏறிய விரலை விட்டு வேறு விரலில் மாட்டுங்கள், வலை இழுத்துக் காய்ப்புக் காய்த்த விரலையும் தவிருங்கள். கையை நெஞ்சுக்கு நேராக ஆடாமல் வைத்து, வெயில் நேரடியாகப் படாமல் பார்த்துக்கொண்டு, ஒரு நிமிடமாவது காத்திருங்கள். முதலில் குதிக்கும் எண்களை விட்டுவிட்டு, ஐந்து நொடி மாறாமல் நிற்கும் எண்ணை எழுதுங்கள். கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டக்கூடும். ஆகவே எண் நன்றாக இருந்தும் ஆள் வாடித் தெரிந்தால், ஆளை நம்புங்கள்.

இதில் இரண்டு ஆபத்தான குழப்பங்கள். ஒன்று, திரையில் இரண்டு எண் வரும்: ஆக்ஸிஜன், நாடித்துடிப்பு. எது எது என்று பார்க்காமல் ‘தொண்ணூத்தெட்டு இருக்கு டாக்டர்’ என்று துடிப்பைச் சொல்லிவிடுகிறார்கள். இன்னொன்று, கருவியைத் தலைகீழாகப் பார்ப்பது. 86ஐத் தலைகீழாகப் பார்த்தால் 98 என்று தெரியும். நினைத்தாலே வயிற்றைக் கலக்கும். எழுத்துகள் நேராகத் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகே எண்ணைப் படியுங்கள், முடிந்தால் விரலோடு சேர்த்து ஒரு படம் எடுத்து டாக்டருக்கு அனுப்புங்கள்.

மூச்சு எண்ணிக்கை ஆக்ஸிஜனுக்குச் சமமான முக்கியம், காசும் ஆகாது, ஆனால் யாரும் எண்ணுவதில்லை. ‘மூச்சை எண்ணப்போகிறேன்’ என்று சொல்லிவிட்டால் மூச்சு மாறிவிடும். நாடி பிடிக்கிற மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்காதீர்கள். பெரியவர்களுக்கு 24ஐத் தொட்டால் அது வீட்டில் வைத்துப் பார்க்கிற நிலை அல்ல. அன்று நடைமுறையில் இருந்த அரசு வழிகாட்டுதலின்படி ஆக்ஸிஜன் 90 முதல் 93 வரை என்றால் நடுத்தரம், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். 90க்குக் கீழே, அல்லது மூச்சு 30க்கு மேலே என்றால் தீவிரம். உட்கார்ந்திருக்கும்போது 94க்கு மேல் இருப்பவரை அறைக்குள் ஆறு நிமிடம் நடக்கவைத்து மறுபடி பாருங்கள். 94க்குக் கீழே இறங்கினாலோ, மூன்று புள்ளிக்கு மேல் குறைந்தாலோ அதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறவரையும் நெஞ்சுவலி உள்ளவரையும் இந்த நடைக்கு உட்படுத்தக் கூடாது.

நாள் கணக்கு அடுத்த இடறல். டெஸ்ட் எடுத்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள், ரிசல்ட் வந்த நாளிலிருந்து எண்ணுகிறவர்களும் உண்டு. டாக்டருக்கு வேண்டியது முதல் அறிகுறி தொடங்கிய நாள், அது வெறும் தொண்டைக் கரகரப்பாக இருந்தாலும் சரி. நிலைமை மோசமாகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள்தான் மூச்சு கெடுகிறது. மூன்றாம் நாள் என்று சொன்னால் ஒரு முடிவு, ஏழாம் நாள் என்றால் வேறு முடிவு.

இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு பேசும்போது கதையாகச் சொல்லாமல் வரிசையாகச் சொல்லுங்கள். நான் தாளில் எழுதிவைத்துப் படித்தேன்: ‘52 வயது ஆண், 68 கிலோ. சர்க்கரை பத்து வருடமாக, மெட்ஃபார்மின் 500 காலை இரவு. அறிகுறி தொடங்கி ஆறாம் நாள். இப்போது காய்ச்சல் 100.4, ஆக்ஸிஜன் 95, நடந்த பிறகு 93, மூச்சு 22, நாடி 104. சல்ஃபா மாத்திரை ஒத்துக்கொள்ளாது. இன்று ஒரு வேளைதான் சாப்பிட்டார். இவரை அனுப்ப வேண்டுமா என்பது கேள்வி.’ அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கடைசியில் கேள்வியைச் சொல்வது முக்கியம். மாத்திரை வேண்டுமா, அனுப்பலாமா, டெஸ்ட் எடுக்கலாமா, எதற்காகக் கூப்பிட்டோம் என்பது டாக்டருக்குத் தெரிந்தால் அவர் நேரே அந்தக் கேள்விக்கு வந்துவிடுவார். பழைய சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் முன்பே படம் எடுத்து வையுங்கள். அட்டையில் பெயரும் மில்லிகிராமும் உள்ள பக்கம் கிழிந்துபோகாமல் எதிர்ப்பக்கத்திலிருந்து மாத்திரையைப் பிதுக்குகிற பழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். ‘வெள்ளையா, வட்டமா இருக்கும்’ என்பதை வைத்து எந்த டாக்டராலும் எதுவும் செய்ய முடியாது.

அந்த வருடம் ரமலான் நோன்பு மாதமும் அலையோடு சேர்ந்தே வந்தது. கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கத்து வீடுகளில் சர்க்கரை நோயாளி நோன்பு வைத்திருப்பார், டாக்டர் காலை மதியம் இரவு என்று எழுதிவிடுவார். கேட்கக் கூச்சப்பட்டு, வீட்டு அத்தா (அப்பா) இரண்டு வேளை மருந்தையும் மாலையில் நோன்பு திறக்கும்போது சேர்த்தே போட்டுக்கொள்வார், சர்க்கரை தாழ்ந்துபோகும். நோன்பு என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால், மருந்தை எப்படி மாற்றுவது, நோன்பை விடத்தான் வேண்டுமா என்பதை டாக்டர் சொல்வார். இது எந்த விரதத்துக்கும் பொருந்தும்.

குழந்தைகளுக்கு எடை இல்லாமல் போன் செய்யாதீர்கள். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் போகிறது. 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். சிரப் 5 மில்லிக்கு 250 உள்ளதாக இருந்தால் 3 மில்லி, 125 உள்ளதாக இருந்தால் 6 மில்லி, சொட்டு மருந்து 1 மில்லிக்கு 100 என்றால் ஒன்றரை மில்லி. ‘அஞ்சு மில்லி கொடுங்க’ என்பது மட்டும் காதில் விழுந்து, வீட்டில் இருக்கும் பாட்டில் எது என்று பாராமல் ஊற்றினால் அளவு எங்கேயோ போய்விடும். பாட்டில் லேபிளைத் திரையில் காட்டி, ‘இந்தச் சிரப்பில் எத்தனை மில்லி?’ என்று கேளுங்கள். பெரியவர்களுக்கோ, காய்ச்சல் மாத்திரையோடு சளி மாத்திரையும் சேரும்போது இரண்டிலும் பாராசிட்டமால் இருக்கும். வாங்கிப் போட்டது எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

‘போனிலேயே எல்லா மருந்தும் எழுதித்தரலாமே, ஏன் மறுக்கிறார்’ என்று டாக்டர்மேல் கோபப்படுகிறவர்களை நிறையப் பார்த்தேன். 2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் மருந்துகளைப் பிரித்து வைத்திருக்கிறது. பாராசிட்டமால், ஓஆர்எஸ் போன்றவற்றை எந்த வழியில் பேசினாலும் சொல்லலாம். இன்னொரு வகையை முதல் முறை எழுத வீடியோவில் பார்த்திருக்க வேண்டும். ஏற்கெனவே நேரில் பார்த்த நோயாளிக்கு, அதே நோய்க்கு மட்டும் கூடுதலாகச் சேர்க்கக்கூடியவை வேறொரு வகை. போதை மருந்துப் பட்டியலில் உள்ளவற்றையும் கடும் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் பட்டியலான அட்டவணை எக்ஸில் உள்ளவற்றையும் போனில் எழுதவே கூடாது. வீடியோ அறுந்து வெறும் குரலுக்கு மாறினால் டாக்டரின் கை ஓரளவு கட்டப்பட்டுவிடுகிறது, அதனால்தான் நெட்டுக்கு அவ்வளவு பாடு. பிரஷர், சர்க்கரை மருந்தைத் தொடர்வது போன்ற வேலைகளுக்குப் போன் அருமையான வழி. அப்படி ஒருவர் வீட்டிலிருந்தே பேசினால் காய்ச்சல்காரர்கள் நிற்கும் வரிசையில் ஓர் ஆள் குறைவு. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு அந்த மாத்திரைகள் வாசலுக்கே வரத் தொடங்கின, அதற்கு முன் இந்த வழிதான் பலருக்குக் கைகொடுத்தது.

கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கு விரலிலும் காலிலும் வெட்டு, ஆறாத புண் என்று வரும். அதற்கும் படம் போதும், ஆனால் இரண்டு படம்: கைமுழுதும் தெரிகிற தூரத்தில் ஒன்று, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துக் கிட்டத்தில் ஒன்று. பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல். பெண்கள் வெள்ளைப்படுதல், நீர்க்கடுப்பு பற்றிப் பேச வேண்டியிருந்தால் இயர்போனை மாட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் வெளியே வந்துவிடுங்கள். அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை டாக்டருக்கும் சொல்ல வேண்டும்.

மருந்துச் சீட்டை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஒருவருக்கு எழுதிய ஸ்டீராய்டு மாத்திரையைப் பார்த்து அதையே பலர் வாங்கிப் போட்டார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஸ்டீராய்டு உயிர் காத்தது ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்களைத்தான். தேவைப்படாதவர்கள் போட்டால் பலன் இல்லை, சர்க்கரை எகிறும், அந்த வருடம் கருப்புப் பூஞ்சைக்கு வழி திறந்தவற்றில் இதுவும் ஒன்று. சீட்டில் மூலப்பெயர் இருக்கும், மெடிக்கலில் வேறு கம்பெனிப் பெயரில் கொடுப்பார்கள். வாங்கியதும் அட்டையைச் சீட்டோடு வைத்து மூலப்பெயரும் மில்லிகிராமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

காசு பறிபோனதும் இந்தப் போன் வழியில்தான். முன்பணம் அனுப்பினால் ஆக்ஸிஜன் இயந்திரம் வீடு தேடி வரும், ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் உடனே பேசுவார் என்று வந்த நம்பர்களுக்குப் பணம் போட்டு, பிறகு அந்த நம்பர் எடுக்கப்படாமலே போன வீடுகள் எங்கள் பக்கத்தில் உண்டு. நகையை அடகு வைத்த காசு அது. டாக்டர் என்றால் பதிவு எண் இருக்கும், சீட்டிலும் அது இருக்க வேண்டும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தளத்தில் பெயரையும் எண்ணையும் சரிபார்த்துவிட்டுத்தான் பணம். எண் கேட்டதும் குரல் மாறினால் வைத்துவிடுங்கள்.

எதற்குப் போனில் டாக்டரைத் தேடக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நெஞ்சை அழுத்தும் வலி, வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது, பேச்சுக் குழறல், ஒரு முழு வாக்கியம் பேச முடியாத மூச்சுத்திணறல், உதடு நீலம் பாய்வது, வலிப்பு, மயக்கம், கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கோ குழந்தை அசைவு குறைவோ: இவற்றுக்கு டோக்கன் எடுத்துக் காத்திருக்காமல் நேரே 108. பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் சாலை நேரத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். 93 வந்ததும் கூப்பிடுவதும், 88 ஆகட்டும் என்று பார்த்திருப்பதும் ஒன்றல்ல, வண்டி வரவும் போகவும் ஆகும் நேரத்தில் எண் இன்னும் இறங்கும். வண்டி வரும்வரை, முடிந்தால் நோயாளியைக் குப்புறப் படுக்கவையுங்கள். கழுத்துக்குக் கீழே ஒரு தலையணை, நெஞ்சிலிருந்து தொடை வரை ஒன்றோ இரண்டோ, கணைக்காலுக்குக் கீழே இரண்டு. சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். கர்ப்பிணிக்கும், பெரிய இதய நோய் உள்ளவர்களுக்கும், முதுகெலும்பு அடிபட்டவர்களுக்கும் இது கூடாது.

வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னவர்களுக்கு ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, நேரம், காய்ச்சல், ஆக்ஸிஜன், நடந்த பிறகு ஆக்ஸிஜன், மூச்சு, நாடி, சாப்பிட்டது. ஒரு நாளைக்கு நான்கு முறை, ராத்திரி படுக்கும் முன் ஒன்று கட்டாயம். அடுத்த முறை பேசும்போது அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே பாதி தெரிந்துகொள்வார். பேச்சை முடிக்கும்போது மூன்றை மட்டும் கேட்டு, எழுதி, திருப்பிப் படித்துக் காட்டுங்கள்: எந்த மருந்து எத்தனை நாள், எந்த எண் வந்தால் உடனே கிளம்ப வேண்டும், எதுவும் வராவிட்டால் மறுபடி எப்போது பேச வேண்டும். டாக்டரின் சொந்த நம்பர் கையில் இருந்தால் அதை யாருக்கும் பரப்பாதீர்கள். அவர் தூங்கும் நான்கு மணி நேரமும் போய்விட்டால் மறுநாள் அத்தனை பேருக்கும் நஷ்டம். ஆம்புலன்ஸ் வந்தால் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தையும் மருந்துச் சீட்டையும் ஆதார் நகலையும் ஒரே கவரில் போட்டு, வண்டியில் வரும் உதவியாளர் கையில் கொடுங்கள், நோயாளியின் பையில் வைக்காதீர்கள். வார்டு வாசலில் பையும் ஆளும் பிரிந்துவிடும்.